மோலாரிட்டியா, மோலாலிட்டியா, சதவீதமா? எதை எப்போது எடுப்பது

அடர் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டில் ஒன்றின் லேபிளைப் பாருங்கள். 37 சதவீதம், அடர்த்தி 1.19, மோலார் நிறை (ஒரு மோலின் எடை, கிராமில்) 36.46 என்று மூன்று எண்கள் இருக்கும். ஒரு லிட்டரில் எத்தனை மோல் (மூலக்கூறுகளை எண்ணுகிற அலகு) என்பது பல பாட்டில்களில் இருக்காது. நமக்கு வேண்டியதோ 1 மோலார் கரைசல், 500 மில்லி. இந்த மூன்று எண்களிலிருந்து அந்த இடத்துக்குப் போக இரண்டு மூன்று வழிகள் இருக்கின்றன, எல்லா வழியும் ஒரே விடையைத்தான் தரும், ஆனால் எந்த வழியில் தவறு நுழையும், எதில் நுழையாது என்பதில்தான் வித்தியாசம். அதோடு, மோலாரில் (ஒரு லிட்டர் கரைசலில் இத்தனை மோல்) எழுதுவதா, மோலாலில் (ஒரு கிலோ கரைப்பானுக்கு இத்தனை மோல்) எழுதுவதா, வெறும் சதவீதமே போதுமா என்ற கேள்வியும் கூடவே வரும். இரண்டையும் சேர்த்தே பேசலாம், ஏனென்றால் இரண்டும் ஒரே முடிவின் இரண்டு பக்கம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பியூரெட்டிலோ பிப்பெட்டிலோ ஊற்றி அளக்கப் போகிறீர்கள் என்றால் மோலாரிட்டி. சூடுபடுத்தவோ உறைய வைக்கவோ போகிறீர்கள் என்றால் மோலாலிட்டி. கெட்டியான, பிசுபிசுப்பான, அடர்ந்த கரைசல் என்றால் நிறை சதவீதம். எதுவென்று தெரியாவிட்டால் எடையைக் குறித்து வையுங்கள். எடை தெரிந்த கரைசலை, அடர்த்தி என்ற ஒரே ஓர் எண்ணைக் கொண்டு மற்ற எந்த அலகுக்கும் மாற்றிவிடலாம். கன அளவை மட்டும் குறித்து வைத்த கரைசலில் அந்த வசதி பல நேரம் கிடைக்காது.

சரி, முதலில் அந்த அமிலத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஒரு லிட்டரில் தொடங்குவதா, 100 கிராமில் தொடங்குவதா

முதல் வழி, கையில் ஒரு லிட்டர் அடர் அமிலம் இருப்பதாக வைத்துக்கொள்வது. அடர்த்தி ஒரு மில்லிக்கு 1.19 கிராம், ஆக ஒரு லிட்டர் 1190 கிராம். அதில் 37 சதவீதம் என்றால் 440.3 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு. 36.46 ஆல் வகுத்தால் 12.08 மோல். ஒரு லிட்டரில் இருப்பதால் அதுவே மோலாரிட்டி, வேலை முடிந்தது.

இரண்டாவது வழி, 100 கிராம் கரைசல் இருப்பதாக வைத்துக்கொள்வது. இதில் 37 கிராம் அமிலம், 63 கிராம் தண்ணீர். அமிலம் 37 ÷ 36.46 = 1.015 மோல். 100 கிராம் கரைசலின் கன அளவு 100 ÷ 1.19 = 84.03 மில்லி. 1.015 மோலை 0.08403 லிட்டரால் வகுத்தால் அதே 12.08.

முதல் வழி சுருக்கமாகத் தெரியும். இருந்தாலும் நான் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன். 100 கிராம் என்று தொடங்கியதும் தண்ணீர் எவ்வளவு என்பது தனியாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. மோலாலிட்டி கேட்டால் 1.015 மோலை 0.063 கிலோ தண்ணீரால் வகுக்க வேண்டியதுதான், 16.1 வரும். மோல் பின்னம் (மொத்த மோல்களில் அமிலத்தின் பங்கு) கேட்டால் தண்ணீர் 63 ÷ 18.015 = 3.497 மோல், ஆக 1.015 ÷ (1.015 + 3.497), அதாவது 0.225. இந்த இரண்டு கணக்கிலும் அடர்த்தி எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? அடர்த்தி எடைக்கும் கன அளவுக்கும் நடுவில் இருக்கிற பாலம், அவ்வளவுதான். இந்தக் கரையிலேயே நிற்கிறவருக்குப் பாலம் எதற்கு? நிறை சதவீதம், மோலாலிட்டி, மோல் பின்னம் மூன்றும் எடைக் கரையில் இருக்கின்றன. மோலாரிட்டியும் 'கிராம்/லிட்டர்' வகை அலகுகளும் எதிரே உள்ள கன அளவுக் கரையில். கரை மாறும்போது மட்டும் அடர்த்தியைத் தொடுங்கள், அதுவும் ஒரே ஒரு முறை. மாணவர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை அடர்த்தியைத் தேவையில்லாத இடத்தில் பெருக்குவதாலோ இரண்டு முறை பெருக்குவதாலோ வருபவைதான்.

மூன்றாவதாக ஒரு குறுக்குவழிச் சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்: 10 × சதவீதம் × அடர்த்தி ÷ மோலார் நிறை. ஆய்வகத்தில் தினமும் அமிலம் நீர்க்கிறவருக்கு இது அருமையான கருவி. கந்தக அமிலம் 98 சதவீதம், 1.84, 98.08 என்றால் ஒரே வரியில் 18.4 மோலார். நைட்ரிக் அமிலம் 70 சதவீதம், 1.42, 63.01 என்றால் 15.8. ஆனால் அந்தச் சதவீதம் நிறைக்கு நிறையாகச் சொன்ன (100 கிராம் கரைசலில் இத்தனை கிராம்) சதவீதமாக இருந்தால் மட்டுமே இது செல்லும். நிறைக்குக் கன அளவாகச் சொன்ன (100 மில்லியில் இத்தனை கிராம்) சதவீதத்தை இதில் போட்டால் சூத்திரம் வாயைத் திறக்காது, தவறான விடையை அழகாகக் கொடுத்துவிடும். அதனால் மனப்பாடம் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் 100 கிராம் வழியில் அது எங்கிருந்து வந்தது என்று ஒரு முறையாவது கையால் எழுதிப் பார்த்துவிட்டு மனப்பாடம் செய்யுங்கள்.

இனி அந்த 500 மில்லிக்கு வருவோம். நமக்கு 0.5 மோல் வேண்டும். கன அளவாக எடுத்தால் 0.5 ÷ 12.08 = 0.0414 லிட்டர், அதாவது 41.4 மில்லி. எடையாக எடுத்தால் 0.5 × 36.46 = 18.23 கிராம் அமிலம், அதை 0.37 ஆல் வகுத்தால் 49.3 கிராம் அடர் கரைசல். எடையில் எடுக்கிறவருக்கு அடர்த்தியே தேவைப்படவில்லை. காகிதத்தில் பார்த்தால் எடைதான் மேல். ஆனால் இந்த இடத்தில் நான் மெஷரிங் ஜாரைத்தான் எடுப்பேன். புகை கக்குகிற அமிலத்தைத் திறந்த பீக்கரில் தராசின் மேல் வைத்தால் தராசு அரித்துப் போகும், மூக்கும் எரியும். அதைவிட முக்கியம், ஒரு முறை திறந்த பாட்டிலில் அந்த 37 என்பது 37 ஆகவே இருக்கிறது என்று நம்ப முடியாது, ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால் எப்படி எடுத்தாலும் கடைசியில் உலர்த்திய சோடியம் கார்பனேட்டை வைத்து டைட்ரேஷன் செய்துதான் (அளவு தெரிந்த பொருளோடு வினைபுரிய வைத்துத்தான்) உண்மையான செறிவைக் கண்டுபிடிக்கப் போகிறோம். அப்படியிருக்க 41.4 ஐ 41.39 ஆக எடுக்க ஏன் மெனக்கெட வேண்டும்? (புகைப்போக்கி அறைக்குள் வைத்து, தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள்.)

மோலாரிட்டியும் மோலாலிட்டியும் எங்கே பிரிகின்றன

நீர்த்த கரைசலில் இரண்டும் ஒன்றுதான் என்று பாடத்தில் படித்திருப்போம். 0.1 மோலார் சோடியம் குளோரைடு கரைசலின் மோலாலிட்டியைப் போட்டுப் பார்த்தால் 0.1004, 0.1005 என்கிற அளவில்தான் வரும். அரை சதவீதம்கூட வித்தியாசமில்லை. அங்கே எதை எழுதினாலும் வாழ்க்கை ஓடும்.

கொஞ்சம் அடர்த்தியான சர்க்கரைக் கரைசலுக்குப் போனால் நிலைமை மாறுகிறது. நிறையில் 20 சதவீத சுக்ரோஸ் கரைசலின் அடர்த்தி 20 டிகிரியில் சுமார் 1.081. மோலார் நிறை 342.3. ஒரு லிட்டரில் 216.2 கிராம் சர்க்கரை, ஆக 0.632 மோலார். மோலாலிட்டிக்கு, அந்த ஒரு லிட்டர் 1081 கிராம், அதில் சர்க்கரையைக் கழித்தால் 864.8 கிராம் தண்ணீர், ஆக 0.632 ÷ 0.8648 = 0.730. ஏறத்தாழ 15 சதவீதம் வித்தியாசம். இந்தக் கழித்தலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 1081 கிராமையும் கரைப்பானாக நினைத்து வகுத்துவிடுவார்கள், 0.585 வந்துவிடும். மோலாரிட்டியைவிடக் குறைவாக வருகிறதே என்று பார்த்ததுமே சந்தேகப்பட வேண்டும். ஒரு லிட்டர் கரைசலில் இருக்கிற தண்ணீர் ஒரு கிலோவுக்குக் குறைவாக இருந்தால் மோலாலிட்டி எப்போதும் மோலாரிட்டிக்கு மேல்தான் இருக்கும், சாதாரண நீர்க் கரைசல்கள் அநேகமாக எல்லாமே அப்படித்தான்.

அடர் கந்தக அமிலத்தில் இந்தப் பிரிவு விபரீதமாகிவிடுகிறது. 98 சதவீதம், அதாவது ஒரு கிலோவில் 980 கிராம் அமிலம், 9.99 மோல். தண்ணீர் வெறும் 20 கிராம். 9.99 ஐ 0.020 ஆல் வகுத்தால் 500 மோலால்! மோலாரிட்டி 18.4, மோலாலிட்டி 500. தவறு எதுவும் இல்லை, இரண்டுமே சரி. ஆனால் அமிலம் 98 இலிருந்து 97 ஆனாலே மோலாலிட்டி 330 பக்கம் விழுந்துவிடும். கரைப்பான் என்று சொல்லத் தண்ணீரே இல்லாத இடத்தில் கரைப்பானால் வகுக்கிற அலகை வைத்து என்ன செய்வது? அங்கே மோல் பின்னம் ஒழுங்காக நடந்துகொள்ளும், 0.90 என்று கொடுக்கும். நடைமுறையில் 98 சதவீதம் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் உத்தமம்.

சரி, மோலாலிட்டி எதற்குத்தான் நல்லது? வெப்பநிலைக்கு. கரைசலைச் சூடாக்கினால் அது விரியும், மோல் எண்ணிக்கை அப்படியே இருக்கும், எடையும் அப்படியே இருக்கும். தண்ணீரின் அடர்த்தி 20 டிகிரியில் 0.9982, 50 டிகிரியில் 0.9880. ஆக 20 டிகிரியில் சரியாக 1.000 லிட்டர் இருந்த நீர்த்த கரைசல் 50 டிகிரியில் 1.010 லிட்டராகும், மோலாரிட்டி ஒரு சதவீதம் இறங்கிவிடும். பாட்டிலிலிருந்து ஒரு சொட்டுகூட வெளியே போகாமலேயே! உறைநிலைத் தாழ்வு, கொதிநிலை ஏற்றம் மாதிரியான கணக்குகளில் வெப்பநிலைதான் ஓடிக்கொண்டே இருக்கிறது, அங்கே நிலையாக நிற்கிற அளவு வேண்டும், அதனால்தான் தண்ணீரின் 1.86 என்ற உறைநிலை மாறிலியை மோலாலிட்டியோடு பெருக்குகிறோம். இந்த வேலைக்கு மோலாரிட்டியை எடுக்கவே கூடாது.

20 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் நடுவில் தண்ணீர் மாறுவது 0.12 சதவீதம்தான். மூன்று இலக்கத் துல்லியம் போதும் என்கிறவர் இதை மறந்துவிடலாம். ஆனால் கரைப்பான் தண்ணீராக இல்லாவிட்டால் மறக்காதீர்கள். அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் ஒரு டிகிரிக்கு சுமார் 0.11 சதவீதம் விரிகின்றன. அசிட்டிக் அமிலத்தில் கரைத்த பெர்குளோரிக் அமிலத்தை வைத்து டைட்ரேஷன் செய்கிற மருந்து ஆய்வகங்களில், கரைசலைத் தரப்படுத்திய நாளுக்கும் பயன்படுத்துகிற நாளுக்கும் வெப்பநிலை மாறியிருந்தால் அதற்கென்றே திருத்தம் போடுவார்கள். பத்து டிகிரி வித்தியாசம் என்றால் 1.1 சதவீதம், ஒரு மருந்துத் தொகுப்பு தேறுவதும் தேறாததும் அதற்குள் அடங்கிவிடும்.

சதவீதம் என்றால் எந்தச் சதவீதம்

என்னைக் கேட்டால் இந்தக் கணக்குகளில் மிகவும் ஆபத்தான குறி மோலாரிட்டியும் இல்லை, மோலாலிட்டியும் இல்லை. பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் தனியாக நிற்கிற '%' தான்.

ஹைட்ரஜன் பெராக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். 30 சதவீதம் என்பது நிறைக்கு நிறை என்றால், அடர்த்தி 1.11, ஒரு லிட்டரில் 333 கிராம், மோலார் நிறை 34.01, ஆக 9.79 மோலார். அதே 30 நிறைக்குக் கன அளவு என்றால் ஒரு லிட்டரில் 300 கிராம், 8.82 மோலார். பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி, லேபிளில் ஓர் எழுத்துகூட மாறாமல். படிக்கிற காலத்தில் நான் இரண்டு நாள் இதில் மாட்டிக்கொண்டிருந்தேன். பெர்மாங்கனேட்டோடு டைட்ரேஷன் செய்தால் ஒவ்வொரு முறையும் கணக்கிட்டதைவிட 10 சதவீதம் குறைவாகவே வந்தது, பியூரெட்டைக் கழுவினேன், பெர்மாங்கனேட்டைப் புதிதாகத் தரப்படுத்தினேன், பெராக்சைடு சிதைந்துவிட்டது என்றுகூட முடிவு கட்டினேன். மூன்றாம் நாள் லேபிளின் கீழ் மூலையில் '100 கன அளவு' என்று சின்னதாக அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன். ஒரு லிட்டர் கரைசல் சிதைந்தால் திட்ட நிலையில் 100 லிட்டர் ஆக்சிஜன் தரும் என்று அர்த்தம். இரண்டு மோல் பெராக்சைடிலிருந்து ஒரு மோல் ஆக்சிஜன் வரும், ஒரு மோல் 22.4 லிட்டர், ஆக 100 ÷ 22.4 × 2 = 8.93 மோலார். 9.79 ஓடு ஒட்டவே இல்லை, 8.82 ஓடு ஒட்டுகிறது. அந்த 30 நிறைக்குக் கன அளவு! கரைசலில் ஒரு குறையும் இல்லை, நான் அடர்த்தியைப் பெருக்கியிருக்கவே கூடாது.

நிறைக்குக் கன அளவு என்கிற சதவீதத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. தயாரிப்பதற்கு அதைப்போல எளிதானது வேறில்லை. 0.9 சதவீத சலைன் என்றால் 9 கிராம் உப்பை எடை போட்டு, கழுத்தில் அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் குடுவையில் (ஸ்டாண்டர்ட் ஃப்ளாஸ்க்) கரைத்து, கோடு வரை தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. அடர்த்தி வேண்டாம், கழித்தல் வேண்டாம். 9 ÷ 58.44 = 0.154 மோலார் என்று நேராக மோலாரிட்டிக்கும் போய்விடலாம். மருத்துவத்தில் இது நிலைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது, நரம்பில் ஏறுவது மில்லி கணக்கில், மருந்து கிராம் கணக்கில். ஆனால் ஒன்று, இது உண்மையில் சதவீதமே இல்லை, 100 மில்லிக்கு இத்தனை கிராம் என்கிற அலகு. அடர் கந்தக அமிலத்தை இப்படி எழுதினால் 100 மில்லியில் 180 கிராம், அதாவது 180 சதவீதம் என்று எழுத வேண்டியிருக்கும். அதனால் நீர்த்த கரைசலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கன அளவுக்குக் கன அளவு (100 மில்லியில் இத்தனை மில்லி) என்பதற்கு வந்தால், ஆல்கஹாலைத் தவிர வேறு எங்கும் அதை நான் விரும்பி எடுக்க மாட்டேன். 50 மில்லி எத்தனாலையும் 50 மில்லி தண்ணீரையும் கலந்து பாருங்கள், 100 வராது, 96, 97 மில்லி அளவில்தான் நிற்கும். இரண்டு வகை மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று இன்னும் நெருங்கி அமர்ந்துகொள்கின்றன. 1865 இல் மெண்டலீவ் தன் முனைவர் ஆய்வேட்டை ஆல்கஹாலும் தண்ணீரும் சேர்வதைப் பற்றித்தான் எழுதினார், அந்த அளவுக்கு நுணுக்கமான விஷயம் இது. எடைகளை அப்படியே கூட்டிக்கொள்ளலாம், கன அளவுகளை அப்படிக் கூட்ட முடியாது. 50 கிராமும் 50 கிராமும் எப்போதும் 100 கிராம்தான்.

இதனால் நடைமுறையில் என்ன ஆகும்? கன அளவில் 70 சதவீத எத்தனால் வேண்டும் என்று 70 மில்லி தூய எத்தனாலோடு 30 மில்லி தண்ணீரைச் சேர்த்தால் அது 70 சதவீதம் ஆகாது, 72 க்குச் சற்று மேலே போய்விடும். 70 மில்லியை எடுத்து, தண்ணீரைச் சேர்த்து மொத்தம் 100 மில்லிக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு 33.4 மில்லி தண்ணீர் குடிக்கும். எப்படித் தெரியும் என்றால், 70 மில்லி எத்தனால் 0.789 அடர்த்தியில் 55.2 கிராம், முடிவில் வரும் 100 மில்லி கரைசலின் அடர்த்தி 0.8855, ஆக மொத்த எடை 88.55 கிராம், கழித்தால் 33.3 கிராம் தண்ணீர். பாருங்கள், கன அளவில் கேட்ட கேள்விக்கும் எடைக் கரைக்கு வந்து கழித்துவிட்டுத்தான் திரும்பிப் போக முடிந்தது. இதே கரைசல் நிறையில் 62.4 சதவீதம்தான். உலக சுகாதார நிறுவனம் கைகளைச் சுத்தம் செய்யக் கொடுத்த தயாரிப்பு முறையில் எத்தனால் 80 சதவீதம் என்பது கன அளவில் சொன்னது. அதை நிறையில் 80 என்று எடுத்துக்கொண்டு செய்தால் வேறொரு கரைசல்தான் கிடைக்கும்.

நீர்த்தலுக்கான அந்தப் பிரபலமான சூத்திரம், முதல் மோலாரிட்டியையும் கன அளவையும் பெருக்கினால் இரண்டாவது மோலாரிட்டியும் கன அளவும் பெருக்கியதற்குச் சமம் என்பது, இந்தச் சுருக்கத்தால் பாதிக்கப்படாது. ஏனென்றால் இரண்டாவது கன அளவு என்பது நீங்கள் சேர்த்த தண்ணீர் இல்லை, கடைசியில் குடுவையில் நிற்கிற மொத்தம். 41.4 மில்லி எடுத்துவிட்டு 458.6 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றாதீர்கள். கோடு வரை ஊற்றுங்கள். ஆறிய பிறகு ஊற்றுங்கள், சூட்டோடு கோட்டுக்குக் கொண்டுவந்தால் ஆறியதும் இறங்கிவிடும்.

பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் ஒரு பிபிஎம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம், கரைசலின் அடர்த்தி 1 க்குப் பக்கத்தில் இருக்கும் வரை சரிதான். கடல் நீரில் அடர்த்தி 1.025. ஒரு கிலோவில் 35 கிராம் உப்பு என்றால் ஒரு லிட்டரில் 35.9 கிராம். கடலியல் ஆய்வாளர்கள் உப்புத்தன்மையைக் கிலோவுக்கு இத்தனை கிராம் என்றே சொல்கிறார்கள், ஆழத்தில் அழுத்தமும் குளிரும் மாறினாலும் கிலோ மாறாது. குடிநீர் அறிக்கைக்கு லிட்டர் கணக்கு போதும்.

நார்மாலிட்டியைப் பற்றி (மோலை, அது வினையில் பங்கேற்கும் அளவால் பெருக்கிச் சொல்கிற பழைய அலகு) அதிகம் சொல்லப் போவதில்லை. 0.1 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட் அமில ஊடகத்தில் 0.5 நார்மல், நடுநிலை ஊடகத்தில் 0.3 நார்மல். ஒரே பாட்டிலுக்கு இரண்டு பெயர். பழைய செய்முறையைப் படிக்க அது தெரிந்திருக்க வேண்டும், புதிதாக எழுதும்போது மோலாரில் எழுதுங்கள்.

தராசா, குடுவையா

நல்ல தரமான 100 மில்லி ஸ்டாண்டர்ட் ஃப்ளாஸ்கில் அனுமதிக்கப்பட்ட பிழை சுமார் 0.1 மில்லி, அதாவது ஆயிரத்தில் ஒன்று. அதுவும் 20 டிகிரியில், பிறைக்கோட்டைக் கண் மட்டத்தில் சரியாகப் பார்த்தால். நான்கு தசமம் காட்டுகிற பகுப்பாய்வுத் தராசில் 10 கிராமை எடை போட்டால் அந்தப் பிழை அதைவிடப் பல மடங்கு சின்னது. ஆகவே துல்லியத்தில் தராசு ஜெயிக்கிறது. வேகத்திலும் வசதியிலும் குடுவை ஜெயிக்கிறது, கரைசலைக் கடைசியில் பிப்பெட்டில் எடுக்கப் போகிறோம் என்றால் குடுவைதான் இயல்பான வழி. தராசிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு, காற்று தூக்கிப் பிடிக்கும். ஒரு கிலோ தண்ணீரை எடை போட்டால், காற்றின் மிதப்பு விசையால் தராசு சுமார் ஒரு கிராம் குறைவாகக் காட்டும். சாதாரண வேலைக்கு இதைப் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் குடுவையைத் தண்ணீர் எடையால் சரிபார்க்கிறவர்கள் இந்தத் திருத்தத்தைப் போட்டே ஆக வேண்டும். லிட்டருக்கும்கூட இப்படி ஒரு கதை உண்டு. 1901 முதல் 1964 வரை லிட்டர் என்பது ஒரு கிலோ தண்ணீர் அதன் உச்ச அடர்த்தியில் பிடிக்கிற இடம் என்றுதான் வரையறுத்திருந்தார்கள், அது ஒரு கன டெசிமீட்டரைவிட லட்சத்தில் மூன்று பங்கு பெரிதாக இருந்தது. பழைய அடர்த்தி அட்டவணைகளில் மில்லி லிட்டரும் கன சென்டிமீட்டரும் தனித்தனியாக இருப்பது இதனால்தான்.

அடர்த்தி எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: அட்டவணையில் இருந்தால் வெப்பநிலையையும் சேர்த்துப் பாருங்கள், இல்லாவிட்டால் நீங்களே அளந்துவிடுங்கள், பெரிய வித்தை ஒன்றுமில்லை. மூடியோடு ஒரு சின்னக் குப்பியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். 10 மில்லி பிப்பெட்டில் கரைசலை எடுத்து அதில் விடுங்கள். மேலே சொன்ன சர்க்கரைக் கரைசலாக இருந்தால் 10.81 கிராம் காட்டும், பத்தால் வகுத்தால் அடர்த்தி. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் செய்து 9.98 பக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் பிப்பெட்டும் கையும் சரி என்று தெரிந்துவிடும்.

பிப்பெட் கைவிடுகிற இடமும் ஒன்று உண்டு. 50 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு. அடர்த்தி 1.525, கணக்குப்படி 19 மோலார். 0.1 மோலார் கரைசல் ஒரு லிட்டர் வேண்டுமென்றால் 4 கிராம் தேவை, அதாவது 8 கிராம் அடர் கரைசல், கன அளவில் 5.2 மில்லி. 5.2 மில்லியைப் பிப்பெட்டில் எடுக்க முயன்றால் பாகு மாதிரி உள்சுவரில் ஒட்டிக்கொண்டு சொட்டிக்கொண்டே இருக்கும், எவ்வளவு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடியையும் கையுறையையும் போட்டுக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் பீக்கரைத் தராசில் வைத்து, துளித்துளியாக 8 கிராம் வரும் வரை விடுவதுதான் வழி. இந்த அடர் கரைசலில் சோடியம் கார்பனேட் கரையாது, அடியில் படிந்துவிடும், அதனால் மேலே தெளிந்து நிற்பதை மட்டும் எடுங்கள். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் கரைத்து ஒரு லிட்டராக்குங்கள். அப்புறம் உலர்த்திய பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை எடை போட்டு டைட்ரேஷன் செய்யுங்கள். 0.1017 என்று வந்தால் 0.1017 என்றே லேபிளில் எழுதுங்கள், பக்கத்தில் தேதியையும் அன்றைய வெப்பநிலையையும் சேர்த்து.